ஏடு படிக்கும் கண்

பழைய ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. காலும் ரகரமும் ஒரே வடிவினவாய் நிற்கும். எகரம் ஏகாரம் வேறுபடா. படிப்பவர் முன்னும் பின்னும் நோக்கியே சொல்லைத் துணிதல் வேண்டும். இப்பயிற்சியை மாணவர்க்கு நெடுங்காலம் கற்பித்து வந்த யான், அதனோடொத்த பயிற்சியொன்று பெண்களின் உயிர் காப்பதை அண்மையிலேதான் அறிந்தேன்.

அப்புத்தளையில் என்னிடம் தமிழ் படித்த பெண்ணொருத்தி இன்று வைத்திய ஆய்வுகூடமொன்றிற் பணிபுரிகின்றாள். கருப்பைக் கழுத்திலிருந்து வழித்தெடுத்த கலங்களைக் கண்ணாடி வழுக்கியிற் பூசிச் சாயமூட்டி, நுணுக்குக்காட்டியில் நோக்குவது அவள் தொழில். கிரேக்க நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பாப்பனிக்கொலோ என்னும் அறிஞர் இம்முறையை 1928 இல் எடுத்துரைத்தார். மருத்துவ உலகம் செவிசாய்க்கப் பதினைந்தாண்டுகள் சென்றன. "பாப்" பரிசோதனை என நாம் வழங்குவது அவர் பெயரின் முதலசையே.

"புற்றுநோய் என்று தெரிந்தாற் போதாதா? வகை எதற்கு?" என்று வினவினேன்.

"போதாது சேர். வகை மாறினால் வைத்தியமும் மாறும்" என்றாள்.

கருப்பைக் கழுத்துப் புற்றில் மிகப் பெரும்பாலானது செதில் போன்ற தட்டைக் கலங்களில் எழுவது. அக்கலங்களிற் சில வாற்பேத்தை போல் நீண்டு, செம்மஞ்சட் சாயம் ஏற்று நிற்குமாம். அடுத்தது சுரப்பிக் கலங்களிலிருந்து எழுவது. அவை நெருங்கித் திரண்டு, திரளின் ஓரம் இறகு பிரிந்தாற்போலத் தோன்றும். இவ்விரண்டையும் பழகிய கண் பெரும்பாலும் அறிந்துகொள்ளும். இடர் அரியவற்றிலேயே.

சிறுகலப் புற்று என்பதொன்று. நூற்றில் ஒன்றிரண்டே. கலத்தில் குழியவுரு இல்லையென்னும் அளவுக்குக் குறைவு. கருக்கள் ஒன்றையொன்று நெருக்கி உருமாற்றும். அவற்றுள்ளே உப்பும் மிளகும் தூவினாற்போன்ற புள்ளிகள். அவசரக் கண்ணுக்கு இவை அழற்சியிற் காணும் சாதாரண நிணநீர்க் கலங்களாகத் தோன்றிவிடும். நோயோ விரைந்து ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவுவது. அறுவைச் சிகிச்சை மட்டும் போதாது. நுரையீரலின் சிறுகலப் புற்றுக்கு வழங்கும் சிஸ்பிளாட்டின், எட்டோபொசைட் என்னும் மருந்துகளே இதற்கும் வேண்டும்.

மற்றொன்று இதனினும் வஞ்சகமானது. இரைப்பைச் சுரப்பியின் இயல்புடைய இப்புற்றின் கலங்களிற் சில, நற்கலங்களைப் போலவே ஒழுங்காயிருக்கும். கழுத்தின் இயல்பான சளி இளஞ்சிவப்பாய்த் தோன்ற, இதன் சளி பொன்மஞ்சளாய்த் தோன்றுதலே ஒரு குறிப்பு. நிறத்தைக் கவனியாதவர் கடந்து போவர்.

வழுக்கி ஐயத்தையே எழுப்பும். துணிபுக்குத் தசைத்துண்டும் வேறு சிறப்புச் சாயங்களும் வேண்டும். ஒரே ஏட்டை நம்பிப் பதிப்பிப்பவர் நல்ல பதிப்பாசிரியர் அல்லரே!

இலங்கையில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. 35 வயதுப் பெண்களைச் சிறப்பாக அழைக்கின்றனர். 2017 முதல் ஆறாம் வகுப்புச் சிறுமியர்க்கு வைரசுத் தடுப்பூசியும் ஏற்றப்படுகின்றது. சிறுகலப் புற்றிலும் அவ்வைரசு பெரும்பாலும் காணப்படுவதால் தடுப்பூசி அதற்கும் பயன்படலாம். இரைப்பை வகைக்கு அவ்வைரசு காரணமன்று. ஆதலின் ஊசி ஏற்றியவர்க்கும் பரிசோதனை வேண்டியதே.

ஆயினும் மலையிலிருந்து இறங்கி வரும் பெண் அன்றைப் பேரை இழக்கின்றாள். அரைப்பேருக்காவது மலைக்குத் திரும்பலாமென்றால் பஸ் கிடைப்பதில்லை. கூச்சமோ சொல்லவேண்டியதில்லை. கொழுந்தெடுக்கும் தன் அக்காளே ஓராண்டாக இன்று நாளை என்று சொல்லி வந்ததாக அம்மாணவி கூறினாள்.

"வழுக்கி வந்தால்தானே சேர் நான் பார்க்க முடியும்?"

சென்ற கிழமை அக்காள் போய் வந்தாளாம். முடிவு இன்னும் வரவில்லை.