வீட்டுக்கொரு துப்பாக்கி காவலாகுமா?

திருச்சிராப்பள்ளிக்குத் துப்பாக்கி புதிய பொருளன்று. திருவெறும்பூரை அடுத்த படைக்கலத் தொழிற்சாலையில் 1966 முதல் துப்பாக்கிகள் உற்பத்தியாகி, நாட்டின் படைப்பிரிவுகளுக்கும் காவல் துறைகளுக்கும் சென்றுகொண்டிருக்கின்றன. ஆனால், அதே ஊரின் வீடுகளில் துப்பாக்கியைக் காண்பது அரிது. வங்கி வாயிலில் நிற்கும் முன்னாள் ராணுவ வீரரின் தோளில் தொங்கும் இரட்டைக்குழல் துப்பாக்கிதான் நம்மில் பெரும்பாலோர் அருகில் நின்று பார்த்த ஒரே துப்பாக்கியாக இருக்கும்.

ஆயினும், தற்காப்புக்காகக் குடிமக்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாதா என்ற கேள்வி அவ்வப்போது எழுகிறது. பிள்ளைகள் வெளிநாட்டிலும் வெளிமாநிலத்திலும் பணியாற்ற, பெற்றோர் மட்டும் தனித்து வாழும் வீடுகள் ஸ்ரீரங்கத்தில் பல உண்டு. பூட்டிய வீட்டை உடைத்துத் திருட்டு, நடைப்பயிற்சியின்போது சங்கிலிப் பறிப்பு என்ற செய்திகள் வரும்போதெல்லாம், 'அமெரிக்காவில் இருப்பதுபோல இங்கும் இருந்தால் இப்படி நடக்குமா?' என்று கேட்போர் உள்ளனர். இது அச்சத்தில் பிறக்கும் கேள்வி. ஆதலால் ஏளனம் செய்து ஒதுக்காமல் விடை தேடுவதே முறை.

ஆயுதம் ஏந்தும் உரிமை பற்றி இந்தியர் சிந்திக்காமல் இல்லை. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. அந்தப் பாகுபாடு விடுதலை இயக்கத்தினரின் நெஞ்சில் ஆறாத புண்ணாக இருந்தது. 1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் அடிப்படை உரிமைகளின் பட்டியலில் சேர்த்தது. அதைச் சுட்டிக்காட்டி, 1948 டிசம்பரில் அரசமைப்பு அவையில் எச்.வி. காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அவை அதை ஏற்கவில்லை. குடிமக்கள் கூடுவதற்கான உரிமையை வழங்கும் 19-ஆவது பிரிவிலேயே, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூட வேண்டும் என்ற வரம்பும் இடம்பெற்றது. அமெரிக்காவில் 1791 முதல் அரசமைப்பு உரிமையாக இருப்பது, இந்தியாவில் அரசு ஆராய்ந்து வழங்கும் அனுமதியாக மட்டுமே இருக்கிறது. உரிமம் இல்லாத துப்பாக்கிகளின் பெருக்கம் குறித்து 2023-இல் தாமாக முன்வந்து விசாரணை தொடங்கிய உச்சநீதிமன்றமும் இந்த வேறுபாட்டை நினைவூட்டியது.

இன்று நடைமுறையில் உள்ளது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதன்படி மாநகர எல்லைக்குள் காவல் ஆணையரிடமும், மாவட்டத்தின் பிற பகுதிகளில் ஆட்சியரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். காவல் நிலைய விசாரணை அறிக்கை வேண்டும். பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம். உரிமத்தின் காலம் ஐந்து ஆண்டுகள். தேர்தல் அறிவிப்பு வெளியானால், உரிமம் பெற்றோர் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி கேட்கப்படுவதும் வழக்கம்.

துப்பாக்கி உரிமை வேறு, தற்காப்பு உரிமை வேறு. முன்னதை மறுத்த நம் சட்டம் பின்னதை மறுக்கவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்த அந்த உரிமை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் தொடர்கிறது. உயிருக்கோ உடலுக்கோ கொடுங்காயம் நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், தாக்க வருபவரின் உயிர் போகும் அளவுக்கும் எதிர்க்கலாம். கொள்ளை, இரவில் வீடுபுகுதல் ஆகியவற்றின்போதும் இந்த உரிமை அந்த எல்லை வரை நீளும். ஆனால், தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்யக் கூடாது. அரசின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் அதையே நாட வேண்டும். இருட்டில் நிற்பவர் திருடரா, வழி தவறி வந்தவரா என்று கண நேரத்தில் முடிவெடுக்க வேண்டியவரின் கையில் துப்பாக்கி இருந்தால், இந்த வரம்புகளைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

திருச்சியில் அண்மைக் காலத்தில் பெரிதும் பேசப்பட்ட குற்றங்களை நினைத்துப் பார்ப்போம். 2019 அக்டோபர் 2-ஆம் தேதி அதிகாலையில், சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள பெரிய நகைக்கடையின் சுவரில் துளையிட்டு, முகமூடி அணிந்தவர்கள் நுழைந்தனர். சுமார் 13 கோடி ரூபாய் மதிப்புள்ள நகைகள் போயின. மோப்ப நாய்களைக் குழப்ப மிளகாய்ப் பொடியைத் தூவிச் சென்றனர். அதே ஆண்டு ஜனவரியில், கொள்ளிடத்துக்கு அப்பால் ஒரு வங்கிக் கிளையின் சுவரும் இவ்வாறே துளைக்கப்பட்டு, பெட்டகங்கள் உடைக்கப்பட்டன. இவை ஆளில்லா நேரத்தையும் காவலின் குறையையும் பார்த்து நடந்தவை. எதிர்த்து நிற்க அங்கே எவரும் இல்லை. பூட்டிய வீட்டில் நடக்கும் திருட்டும் இத்தகையதே. உரிமையாளர் சென்னையில் இருக்க, அலமாரியில் இருக்கும் துப்பாக்கி யாரைத் தடுக்கும்? திருடனுக்குக் கிடைக்கும் பொருள்களில் அதுவும் ஒன்றாகிவிடும். சங்கிலிப் பறிப்போ சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது.

கொலைகளின் கணக்கு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி, 2022-இல் இந்தியாவில் 28,522 கொலை வழக்குகள் பதிவாயின. அவற்றில் 9,962 வழக்குகளுக்குத் தகராறுகளும், 3,761 வழக்குகளுக்குப் பகையும் பழிவாங்கலும் காரணங்கள். பொருளாசைக்காக நடந்தவை 1,884 மட்டுமே. முகம் தெரியாத கொள்ளையனை எண்ணி நாம் அஞ்சுகிறோம். உயிர்கள் போவதோ பெரும்பாலும் வரப்புத் தகராறிலும், பங்காளிச் சண்டையிலும், குடிபோதை வாக்குவாதத்திலும், பழிக்குப் பழியிலும்தான். அத்தகைய வீடுகளில் துப்பாக்கியும் இருந்தால், மறுநாள் ஆறியிருக்கக்கூடிய கோபம் அன்றிரவே உயிரைக் குடித்துவிடும்.

தன்னையே மாய்த்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் இறந்த ஏறத்தாழ 48,800 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொல்லும் கருவி கைக்கெட்டும் தொலைவில் இருப்பதே ஓர் ஆபத்து என்பதை இலங்கை வேறு வழியில் கற்றுத் தந்தது. அங்கே 1995 முதல் கொடிய பூச்சிமருந்துகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் பெருமளவு சரிந்தது. துயரத்துக்கான காரணங்கள் அனைத்தும் மறைந்துவிடவில்லை. துயரம் உச்சத்தில் இருந்த நேரத்தில் நஞ்சு கைக்கருகில் இல்லாததே பல உயிர்களைக் காத்தது. தனிமையில் வாடும் முதியோர் இல்லங்களுக்குத் துப்பாக்கியைப் பரிந்துரைப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கே நேர்மையாகச் சந்திக்க வேண்டிய மறுவாதம் ஒன்று இருக்கிறது. உள்துறை அமைச்சகக் கணக்கின்படி, 2016 இறுதியில் நாட்டிலிருந்த சுமார் 33.69 லட்சம் துப்பாக்கி உரிமங்களில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில் இருந்தன. தமிழ்நாட்டில் இருந்தவை சுமார் 22,500. அதாவது, அங்கே ஏறத்தாழ 156 பேருக்கு ஓர் உரிமம். இங்கே 3,200 பேருக்கு ஒன்று. ஆனால், 2022-இல் உத்தரப் பிரதேசத்தில் பதிவான கொலைகள் 3,491, தமிழ்நாட்டில் 1,690. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் நம் மாநிலத்தின் விகிதமே அதிகம். துப்பாக்கி இல்லாத குறையை இங்கே அரிவாள் தீர்த்துவைக்கிறது.

துப்பாக்கியைப் பரப்பினால் கொலை குறையும் என்பதற்கு இந்த எண்கள் சான்றாகா. வழக்குப் பதிவு செய்யும் முறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவது ஒருபுறமிருக்க, ஆயுதத்தைக் கட்டுப்படுத்துவதோடு அரசின் கடமை முடிந்துவிடாது என்பதையே இவை உணர்த்துகின்றன. கருவியின் தன்மை குற்றத்தின் விளைவைப் பெரிதாக்கும். குற்றம் பிறக்கும் இடம் வேறு. உரிமையியல் நீதிமன்றத்தில் தலைமுறை கடந்து இழுபடும் நில வழக்கும், குடியும் கஞ்சாவும், பள்ளியை இடையில் விட்ட சிறுவனுக்கு ரௌடிக் கும்பல் தரும் போலிக் கௌரவமும் குற்றத்தின் விளைநிலங்கள். சிறைக்குச் சென்றவனுக்கு வெளியே வேலை கிடைக்காததும், ஒரு கொலைக்குப் பழியாக மறு கொலை என்று நீளும் சங்கிலியும் அதே நிலத்தில் வேர்விட்டவை. இவற்றுள் ஒன்றையும் துப்பாக்கி தீர்க்காது.

குற்றத்தின் வேரைத் தேடுவதாகச் சொல்லி மனிதர்களின் பிறப்பில் அதைத் தேடிய வரலாறும் நமக்கு உண்டு. 1871-இல் பிறந்து, 1911 முதல் சென்னை மாகாணத்தையும் வளைத்த குற்றப் பரம்பரைச் சட்டம், முழுச் சமூகங்களையும் பிறவிக் குற்றவாளிகள் என முத்திரை குத்தியது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி காவல்படை துப்பாக்கிச் சூடு நடத்திப் பலரைக் கொன்றது. சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் அச்சட்டம் நீங்கியது. சந்தேகம் மட்டும் எளிதில் நீங்கவில்லை.

படைக்கலத் தொழிற்சாலைக்குச் சற்றுத் தொலைவில், துவாக்குடியை அடுத்த தேவராயநேரியில் வாழும் நரிக்குறவர் சமூகம் ஒருகாலத்தில் நாட்டுத் துப்பாக்கியால் பறவை வேட்டையாடிப் பிழைத்தது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்தப் பிழைப்புக்கு வழியில்லை. ஊசியும் பாசிமணியும் வாழ்வாதாரமாயின. அச்சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான். தெருவில் புதிய முகத்தைக் கண்டதும் ஐயுறும் நம் கண்கள் முதலில் யாரை நாடுகின்றன? கையில் துப்பாக்கியோடு அஞ்சும் ஒரு சமூகத்தில், அந்த ஐயத்துக்கு விலை கொடுக்கப்போகிறவர்கள் இத்தகைய எளியவர்களே.

அப்படியானால், ஸ்ரீரங்கத்தில் தனித்து வாழும் முதியவருக்கு என்ன விடை? குடிமகனின் கையில் ஆயுதம் வேண்டாம் என்று முடிவுசெய்த அரசு, அதற்கு ஈடாக அவரைக் காக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறது. அந்தப் பொறுப்பு வெறும் வாக்குறுதியாக இல்லாமல் சட்டமாகவே இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லையில் தனித்து வாழும் முதியோரின் பட்டியலைப் பேண வேண்டும் என்பதும், காவலர் ஒருவர் சமூகப் பணியாளருடன் மாதம் ஒருமுறையேனும் அவர்களைச் சென்று காண வேண்டும் என்பதும் அதையொட்டிய விதிகளின் நோக்கம். இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதை அறிந்த முதியோர் எத்தனை பேர்? தம் பெயர் அப்பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கடுமையைவிட, அது தப்பாது என்னும் உறுதியே என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-லேயே வாதிட்டார். 2012 மார்ச் 29-ஆம் தேதி திருச்சியில் நடைப்பயிற்சிக்குச் சென்ற தொழிலதிபர் ராமஜெயம் கொல்லப்பட்ட வழக்கு, சிபிசிஐடி, சிபிஐ, சிறப்புப் புலனாய்வுக் குழு என்று கைமாறிப் பத்தாண்டுகளைக் கடந்தது. செல்வாக்குள்ள குடும்பத்தின் வழக்கே இப்படியென்றால் நம் நிலை என்ன என்று சாமானியர் எண்ணுவது இயல்பு. துப்பாக்கி மீதான ஆசை இந்த நம்பிக்கையின்மையிலிருந்துதான் முளைக்கிறது.

எனவே, குடியிருப்போர் நலச் சங்கங்கள் தம் பகுதிக் காவல் நிலையத்தின் முதியோர் பட்டியலையும், மாதந்தோறும் வருகை நடந்ததற்கான பதிவையும் கேட்கத் தொடங்கட்டும். வெளியூர் செல்வோர் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கும் பழக்கம் வரட்டும். 112 என்ற அவசர எண்ணும், முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதப்படட்டும். துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பம் எழுதும் நேரத்தில், சட்டம் ஏற்கெனவே நமக்குத் தந்துள்ள காவலைக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதுவதே அறிவுடைமை.