டிவியில் ஃபியூஸ் போனால் கோளாறை எங்கே தேடுவது?

நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிவி பட்டென்று அணைந்துவிடுகிறது. சிவப்பு விளக்குகூட எரியவில்லை. ரிமோட்டில் பேட்டரி மாற்றிப் பார்க்கிறோம், சுவிட்சை நாலு தடவை போட்டுப் பார்க்கிறோம். பின்பக்க மூடியைக் கழற்றினால் உள்ளே சிறிய கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் ஃபியூஸ் போயிருக்கிறது. சில ரூபாய் பொருள்தானே என்று புதிதாக ஒன்று வாங்கிப் போட்டால், சுவிட்சைத் தட்டிய நொடியிலேயே அதுவும் போய்விடுகிறது. அடுத்து பலரும் செய்வது, அந்த இடத்தில் ஒரு செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவிடுவது. அதைச் செய்யவே கூடாது. ஏன் கூடாது, அதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

டிவிக்குள் இருக்கும் ஃபியூஸ் பெரும்பாலும் 2 முதல் 5 ஆம்பியர் வரைதான் தாங்கும். 3.15 ஆம்பியர் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. அதற்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் தன்னை அழித்துக்கொண்டு மற்றதைக் காப்பாற்றும். கம்பியைக் கட்டிவிட்டால் காப்பாற்ற யாரும் இல்லை. வீட்டு மெயின் போர்டில் உள்ள எம்.சி.பி. 16 ஆம்பியர் என்றால், அது விழும்வரை மின்சாரம் டிவிக்குள் பாய்ந்துகொண்டே இருக்கும். போர்டில் உள்ள மெல்லிய செம்புத் தடங்கள் கருகும், பாகங்கள் வெடிக்கும், பிளாஸ்டிக் மூடி தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. நூறு இருநூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை, முழு போர்டையும் மாற்றுவதில் போய் நிற்கும்.

போன ஃபியூஸைத் தூக்கி எறிந்துவிடாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் இழை நடுவில் மட்டும் அறுந்து, கண்ணாடி தெளிவாக இருந்தால், நாள்பட்டுத் தேய்ந்து போயிருக்கலாம் அல்லது மின்னழுத்தம் ஒரு கணம் ஏறி இறங்கியிருக்கலாம். இந்த நிலையில் அதே அளவு ஃபியூஸ் போட்டதும் டிவி ஓடிவிடுவது உண்டு. கண்ணாடியின் உட்புறம் கறுத்தோ, வெள்ளி பூசியது போலவோ இருந்தால் கதை வேறு. உள்ளே எங்கோ நேரடியான ஷார்ட் இருக்கிறது. எத்தனை ஃபியூஸ் போட்டாலும் அத்தனையும் போகும்.

ஃபியூஸின் உலோக மூடியில் பொறித்திருக்கும் எழுத்தையும் கவனிக்க வேண்டும். ஆம்பியருக்கு முன்னால் டி என்று இருந்தால் அது மெதுவாகப் போகும் வகை, எஃப் என்றால் விரைவாகப் போகும் வகை. டிவியில் பெரும்பாலும் டி வகைதான் இருக்கும். சுவிட்ச் போட்டதும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் சார்ஜ் ஏறுவதற்காக ஒரு கணம் அதிக மின்சாரம் இழுக்கும். பழைய பிக்சர் டியூப் டிவிகளில் திரையின் காந்தத்தை நீக்கும் டீகாஸிங் காயிலும் சேர்ந்து இழுக்கும். எஃப் வகையைப் போட்டால் கோளாறே இல்லாத டிவியிலும் அது போய்க்கொண்டிருக்கும். வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் இருந்த இடத்தில் கண்ணாடி ஃபியூஸ் போடுவதும் தவறு. பெரிய ஷார்ட் வந்தால் பீங்கான் அதைத் தாங்கித் துண்டிக்கும், கண்ணாடி வெடித்துச் சிதறும்.

மூடியைத் திறப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 230 வோல்ட் ஏ.சி. உள்ளே டி.சி. ஆக மாறும்போது ஏறக்குறைய 325 வோல்ட் ஆகிறது. அது பெரிய கெப்பாசிட்டரில் தங்கி நிற்கும். அதிலும் பவர் சப்ளை இயங்காமல் செத்துப்போன டிவியில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் அந்தச் சார்ஜை இழுத்துத் தீர்க்க எதுவும் இல்லை. மெக்கானிக்குகள் சிலர் ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு காலையும் தொட்டு 'டப்' என்று பொறி பறக்கவிடுவார்கள். பார்க்க வீரமாக இருக்கும், ஆனால் கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும். 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை, காப்பிடப்பட்ட வயர்களுடன் இணைத்து, இரு கால்களிலும் ஐந்து நொடி வைத்தால் போதும். பிறகு மல்டிமீட்டரில் வோல்ட் பார்த்து உறுதி செய்துகொண்டு கை வைக்க வேண்டும். பிக்சர் டியூப் டிவியில் டியூபின் மேல் ரப்பர் தொப்பி போட்டு வரும் தடித்த வயரில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியாதவர்கள் இதற்கு மேல் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், கை மட்டும் வைக்க வேண்டாம். மெக்கானிக்கிடம் சரியான கேள்வி கேட்க இது உதவும்.

இனி ஷார்ட்டைத் தேடுவோம். மின்சாரம் நுழையும் வழியிலேயே நாமும் போக வேண்டும். ஃபியூஸுக்கு அடுத்து, நீலம் அல்லது சிவப்பு நிறத்தில் பட்டன் போன்ற வட்டமான பாகம் ஒன்று இருக்கும். இதுதான் வேரிஸ்டர். 471 என்று எண் போட்டிருந்தால் 300 வோல்ட் ஏ.சி. வரை சும்மா இருக்கும். அதற்கு மேல் மின்னழுத்தம் ஏறினால் தானே ஷார்ட் ஆகி, ஃபியூஸைப் போக வைத்து, பின்னால் உள்ள அனைத்தையும் காப்பாற்றும். வெடித்தோ, கருகியோ, விரிசல் விட்டோ இருந்தால் கண்ணாலேயே தெரியும். நம் ஊர் மெக்கானிக்குகளில் பலர் இதை வெட்டி எடுத்துவிட்டு ஃபியூஸை மட்டும் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். டிவி நன்றாகவே ஓடும். ஆனால் அடுத்த தடவை மின்னழுத்தம் ஏறும்போது தடுக்க ஆள் இல்லாததால் முழு போர்டும் போகும். புதிய வேரிஸ்டர் போட்டீர்களா என்று கேட்டு வாங்குவது நம் உரிமை.

பிக்சர் டியூப் டிவி என்றால் அடுத்து பார்க்க வேண்டியது டீகாஸிங் காயிலோடு சேர்ந்த பாசிஸ்டர். சிறிய கறுப்புப் பெட்டி போல, இரண்டு அல்லது மூன்று கால்களுடன் இருக்கும். அசைத்தால் உள்ளே ஏதோ உருள்வது போலச் சத்தம் கேட்டால் உடைந்துவிட்டது என்று அர்த்தம். காயிலின் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு, புது ஃபியூஸ் போட்டுப் பார்த்து டிவி ஓடினால் குற்றவாளி இதுதான். எல்.இ.டி. டிவியில் இந்தப் பகுதியே கிடையாது.

அதற்குப் பின் வருவது பிரிட்ஜ், அதாவது ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் நான்கு டயோடுகள். சில போர்டுகளில் நான்கும் ஒரே பாகமாக இருக்கும். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தால், ஒரு பக்கம் 0.5 அல்லது 0.6 காட்ட வேண்டும், மறுபக்கம் எதுவும் காட்டக் கூடாது. இரு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். ஒரு டயோடு போயிருந்தாலும் நான்கையும் மாற்றிவிடுவது நல்லது. அந்த அதிர்ச்சியை மற்றவையும்தான் வாங்கியிருக்கும்.

பிரிட்ஜ் சரியாக இருந்தால், பெரிய கெப்பாசிட்டரின் இரு கால்களுக்கு இடையே ஓம் பார்க்க வேண்டும். எண் சிறியதில் தொடங்கி ஏறிக்கொண்டே போனால் நல்லது. ஏறாமல் பூஜ்யத்தில் நின்றால் ஷார்ட் இருக்கிறது. பெரும்பாலும் அந்த ஷார்ட் கெப்பாசிட்டரில் இருக்காது, அதை அடுத்து ஹீட் சிங்க்கில் பொருத்தியிருக்கும் மாஸ்ஃபெட்டிலோ பவர் ஐ.சி.யிலோ இருக்கும். ஃபியூஸ் கறுத்துப்போகும் டிவிகளில் அடிக்கடி அகப்படுவது இதுதான். இங்கேதான் அவசரக்காரர்கள் ஏமாறுகிறார்கள். மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றி சுவிட்ச் போட்டால், புது மாஸ்ஃபெட்டும் புது ஃபியூஸும் சேர்ந்தே போகும். மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகும்போது அதன் சோர்ஸ் காலில் உள்ள ஒரு ஓமுக்கும் குறைவான ரெசிஸ்டர், கேட் காலில் உள்ள ரெசிஸ்டர், பல சமயம் அதை இயக்கும் சிறிய ஐ.சி. ஆகியவற்றையும் இழுத்துக்கொண்டுதான் போகிறது. இத்தனையையும் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம், அதாவது படம், ஒலி, பேக்லைட் பக்கம் ஷார்ட் இருந்தால் ஃபியூஸ் போவது அரிது. பவர் சப்ளை அதிகச் சுமையை உணர்ந்து தானே நின்றுவிடும், அல்லது 'டிக் டிக்' என்று விட்டுவிட்டு முயற்சி செய்யும், அல்லது சிவப்பு விளக்கு மினுக்கும். ஆகவே ஃபியூஸ் நன்றாக இருந்து டிவி மட்டும் வேலை செய்யவில்லை என்றால் தேட வேண்டிய இடமே வேறு. ஒலி வருகிறது, படம் இல்லை என்றால் திரையில் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேக்லைட் எல்.இ.டி. போயிருக்கிறது.

பாகங்களை மாற்றிய பிறகும் நேராகச் சுவரில் சொருகிவிடக் கூடாது. பழைய இழை பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்துச் சோதிப்பதை மெக்கானிக்குகள் சீரியஸ் லேம்ப் என்பார்கள். சிறிய எல்.இ.டி. டிவிக்கு 60 வாட், பிக்சர் டியூப் டிவிக்கு 100 வாட் பல்பு போதும். டியூப் டிவி என்றால் டீகாஸிங் காயிலைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் ஷார்ட் நீங்கிவிட்டது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் இன்னும் இருக்கிறது, ஆனால் பாகம் எதுவும் வெடிக்காமல் பல்பு காப்பாற்றிவிடும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. இழை பல்பு இப்போது அரிதாகிவிட்டது, கிடைக்கும்போது இரண்டு வாங்கி வைப்பது நல்லது.

சரி, ஷார்ட் ஏன் வருகிறது? தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்துவிட்டால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400 வோல்ட்டை நெருங்கி வந்துவிடும். விளக்குகள் திடீரென்று அதிகப் பிரகாசமாக எரிந்து, ஃபேன் வேகமெடுத்தால் யோசிக்காமல் மெயினை அணைத்துவிட வேண்டும். இடி மின்னலின்போது பிளக்கை மட்டுமல்ல, டிஷ் அல்லது கேபிள் வயரையும் கழற்றுவது அவசியம். கதகதப்புக்காக உள்ளே புகும் பல்லியும் எறும்பும் போர்டில் சிக்கி ஷார்ட் ஆவது நம் பக்கத்தில் சாதாரணம். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து போர்டில் படிந்து, மழைக்காலத்தில் ஈரமாகி வேலையைக் காட்டும்.

வளைகுடாவிலிருந்து டிவி கொண்டு வரும் சகோதரர்களுக்கு இரண்டு செய்திகள். துபாய், கத்தர் போன்ற இடங்களின் சதுர முனை பிளக்கிற்குள்ளேயே ஒரு ஃபியூஸ் இருக்கிறது. டிவியைத் திறப்பதற்கு முன் பிளக்கைத் திறந்து அதைப் பாருங்கள், பிரச்சினை அங்கேயே முடிந்துவிடக்கூடும். அடுத்தது, சவூதியின் பல பகுதிகளில் வீட்டு மின்சாரம் முன்பு 127 வோல்ட்டாக இருந்தது. அந்தக் காலத்துப் பெட்டிகள் சிலவற்றில் பின்னால் 110, 220 என்று மாற்றும் சுவிட்ச் இருக்கும். அது 110-இல் இருக்கும்போது நம் ஊர் மின்சாரத்தில் சொருகினால் உள்ளே மின்னழுத்தம் இரட்டிப்பாகி 650 வோல்ட் வரை போகும், கெப்பாசிட்டர் வெடிக்கும். இப்போது வரும் டிவிகளில் பெரும்பாலும் 100 முதல் 240 வரை தானே ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு இருப்பதால் அந்தக் கவலை இல்லை. பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் அது எழுதியிருக்கும்.

"போர்டே போயிடுச்சு, மாத்தணும்" என்று மெக்கானிக் சொன்னால், எந்தப் பாகம் ஷார்ட், அது மட்டும் மாற்ற முடியாதா என்று கேளுங்கள். உண்மையிலேயே தடங்கள் கருகி, ஐ.சி. கிடைக்காத நிலை என்றால் மாற்றுவதுதான் வழி. அப்போது டிவியின் கம்பெனியையும் இஞ்ச்சையும் மட்டும் சொல்லி வாங்க வேண்டாம். ஒரே மாடலில்கூட வெவ்வேறு போர்டுகள் வருகின்றன. பழைய போர்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கனெக்டர்களில் எழுதியிருக்கும் வோல்ட் அளவுகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.