வலியும் வேதனையும் ஒன்றல்ல: அறிதுயில் ஆய்வு காட்டிய உண்மை

“வலியெல்லாம் உங்கள் மனத்தில்தான் இருக்கிறது” என்று எவரேனும் கூறினால் நோயாளியின் உள்ளம் புண்படும். தம் துன்பத்தைப் பொய் என்கிறார்களோ என்னும் ஐயமே அதற்குக் காரணம். இந்த ஐயத்தைத் தீர்க்க உதவிய சான்றுகளுள் ஒன்று, பலரும் மேடை வித்தையாக மட்டுமே அறிந்த ஹிப்னாடிசத்திலிருந்து கிடைத்தது.

தமிழில் அறிதுயில் எனப்படும் இந்நிலை உண்மையில் உறக்கமன்று. கவனம் ஒன்றிலேயே குவிந்திருக்க, வழிநடத்துபவர் கூறும் கருத்துகளை மனம் எளிதில் ஏற்கும் விழிப்பு நிலை அது.

வலிக்கு இரு பக்கங்கள் உண்டு என்று ரொனால்ட் மெல்சாக், கென்னத் கேசி ஆகிய ஆய்வாளர்கள் 1968-இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தனர். எங்கே, எவ்வளவு வலிக்கிறது என்னும் உணர்வு ஒன்று. அது நம்மை எவ்வளவு வாட்டுகிறது என்னும் வேதனை மற்றொன்று. இரண்டும் சேர்ந்தே வருவதால் அவற்றைப் பிரித்துக் காட்டுவது எளிதாக இல்லை.

அதற்கு அறிதுயில் துணைபுரிந்தது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் பியர் ரென்வில் முதலிய ஆய்வாளர்கள், அறிதுயிலில் இருந்த தன்னார்வலர்களின் கையைச் சுடுநீரில் வைக்கச் செய்தனர். நீரின் வெப்பம் மாறவில்லை. ஆனால் வேதனை கூடுகிறது அல்லது குறைகிறது என்று கூறப்பட்டபோது, அவர்கள் உணர்ந்த வேதனையும் அவ்வாறே மாறியது. மூளையைப் படமெடுத்தபோது, உணர்ச்சியோடு தொடர்புடைய முன்புறச் சிங்குலேட் பகுதியின் இயக்கம் வேதனைக்கேற்ப மாறியிருந்தது. தொடுவுணர்வைப் பதிவுசெய்யும் பகுதியில் அத்தகைய மாற்றம் தென்படவில்லை. இம்முடிவுகள் 1997-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தன.

ஆகவே, மனத்தால் வலியின் வேதனை மாறுகிறது என்பதற்காக அந்த வலி கற்பனையாகிவிடாது. அச்சம், தனிமை, நம்பிக்கை ஆகியவையும் வேதனையைக் கூட்டவோ குறைக்கவோ கூடும்.

மருத்துவரிடம் இரண்டையும் தனித்தனியே கூறுங்கள்: வலி எவ்வளவு உள்ளது? அது உங்களை எவ்வளவு வாட்டுகிறது? உடனிருந்து கவனிப்போரும் இவ்விரு கேள்விகளையும் கேட்கலாம்.

அறிதுயில் எல்லோருக்கும் ஒரே அளவில் பயன் தருவதில்லை. பயிற்சி பெற்ற மருத்துவர் அல்லது உளவியலாளரிடம் மட்டுமே அதனை மேற்கொள்ள வேண்டும். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துதல் கூடாது.