ஸ்டியரிங் முனகுகிறதா ஸார்?

காரை ரிவர்ஸ் எடுக்கிறீர்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கிறீர்கள். முன்பக்கத்திலிருந்து ‘க்ர்ர்ர்... டொய்ங்!’ என்று ஒரு சத்தம். பழைய இரும்புக் கட்டிலில் மாமனார் புரண்டு படுத்த மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி உங்களை ஒரு பார்வை பார்க்கிறார். நீங்கள் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுகிறீர்கள்.

செகண்ட்ஹாண்டில் ஓர் ஆல்டோவோ சான்ட்ரோவோ ஸ்விஃப்ட்டோ வாங்கி ஓட்டும் ஆபீஸ்வாசிகளுக்கு இந்தச் சத்தம் ரொம்பப் பழக்கம். மறுநாள் ஆபீஸில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். “பால் ஜாயின்ட் போயிருக்கும்” என்பார் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். “டை ராட் எண்டுப்பா” என்பார் கேன்டீனில் எதிரே உட்கார்ந்தவர். “ராக்கையே மாத்திடணும்” என்று குண்டு போடுபவரிடம் பெரும்பாலும் கார் இருக்காது. அவர் பேச்சைக் கேட்டு ஸ்டியரிங் ராக்கில் கை வைத்தால் மாசச் சம்பளத்தில் பெரிய ஓட்டை விழும். அப்புறமும் ‘டொய்ங்’ போகாமல் இருக்கலாம். ஏனென்றால் பல சமயம் குற்றவாளி வேறு ஆசாமி. பெயர், ஸ்ட்ரட் பேரிங். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வளையம். சின்ன கார்களுக்குச் சில நூறு ரூபாய்தான்.

அம்பாஸடரில் இந்தச் சமாசாரமே கிடையாது. அதற்கு முன்பக்கம் டார்ஷன் பார். 1983 டிசம்பரில் வந்தது மாருதி 800. முன்பக்கம் இரண்டு செங்குத்தான தூண்கள். ஒவ்வொரு தூணிலும் ஒரு ஷாக் அப்சார்பர், அதைச் சுற்றி ஸ்பிரிங். ‘மெக்ஃபர்ஸன் ஸ்ட்ரட்’ என்று பேர். எர்ல் மெக்ஃபர்ஸன் என்ற அமெரிக்க இன்ஜினீயர், ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சின்ன காருக்காக யோசித்த ஏற்பாடு. அந்தக் கார் வெளியே வரவே இல்லை. மனுஷர் ஃபோர்டுக்குப் போனார். 1950-ல் பிரிட்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சலில் அவருடைய தூண் வந்துவிட்டது. இன்றைக்கு நம் தெருவில் ஓடுகிற சின்ன கார்களில் பெரும்பாலானவை இந்தத் தூண்மேல்தான் நிற்கின்றன.

இதில் ஒரு விசேஷம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் மட்டும் திரும்பாது, தூணும் ஸ்பிரிங்குமாக முழு செட்டும் சேர்ந்து திரும்பும். ஆனால் மேலே உட்கார்ந்திருக்கிற பாடி திரும்பாது. தலையில் தண்ணீர்க் குடம் வைத்திருக்கும் பெண்மணி, குடம் அசையாமல் கழுத்தை மட்டும் திருப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மாடு வழுக்கிக் கொடுத்தால்தான் முடியும். தூணின் உச்சியில் இருக்கிற ரப்பர் மவுண்ட்தான் சும்மாடு. அதில் வழுக்கிக் கொடுப்பது இந்தப் பேரிங்.

தூசி, மழைத் தண்ணீர், பேர்தான் ஸ்பீடு பிரேக்கர் என்று நாம் கட்டி வைத்திருக்கும் குட்டிச் சுவர்கள் எல்லாம் சேர்ந்து சில வருஷங்களில் அதன் கிரீஸைத் தின்று தீர்த்துவிடும். பிறகு பேரிங் பிடித்துக்கொள்ளும். கீழே சக்கரம் திரும்பும். மேலே ஸ்பிரிங் திரும்ப மறுத்து முறுக்கிக்கொள்ளும். முறுக்கு தாங்காமல் சட்டென்று விடுபடும்போது வருவதுதான் அந்த ‘டொய்ங்’.

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொரு விஷயம் இருக்கிறது. முனையில் திரும்பி முடித்ததும் பிடியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேராக வேண்டும். பேரிங் இறுகிப் போனால் வராது. நீங்களே இழுத்துக்கொண்டு வர வேண்டும். எதிரே தண்ணீர் லாரி வருகிற நேரத்தில் அந்த அரை விநாடி ரொம்பப் பெரிய நேரம்.

கண்டுபிடிக்கச் செலவே இல்லை. காரை சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். நண்பரை உள்ளே உட்கார வைத்து ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே, சக்கரத்துக்கு மேலே கையை விட்டு ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தை லேசாகத் தொட்டுக்கொண்டிருங்கள். (சுருள்களுக்கு நடுவில் விரலை விடாதீர்கள். நாளைக்குக் கம்ப்யூட்டரில் டைப் அடிக்க வேண்டுமே!) ஸ்பிரிங் வழுவழுவென்று கூடவே திரும்பினால் பேரிங் நிரபராதி, பால் ஜாயின்ட், டை ராட் எண்டு என்று வேறு இடம் பாருங்கள். நின்று நின்று, திடுக்கென்று குதித்தால் ஆசாமி அகப்பட்டான்.

“நாமளே மாத்திடலாமா?” என்று சில பேருக்குக் கை அரிக்கும். சக்கரத்தைக் கழற்றலாம், பிரேக் ஹோஸை விடுவிக்கலாம், கீழே இரண்டு போல்ட், மேலே இரண்டு மூன்று நட்டு, தூண் கையோடு வந்துவிடும். அதுவரைக்கும் சரி. தூணின் உச்சியில், நட்ட நடுவில் ஒரு நட்டு இருக்கிறது பாருங்கள், அதுதான் எமன். அமுங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அது ஒன்றுதான். ஸ்பிரிங்கை கம்ப்ரஸர் போட்டு அமுக்காமல் அதைக் கழற்றினால் மவுண்ட்டும் நட்டும் துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பும். குனிந்து பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் முகம்.

மெக்கானிக்கிடம் விட்டாலும் இந்த ஓர் இடத்தில் மட்டும் பக்கத்தில் நில்லுங்கள். நல்ல கம்ப்ரஸரை எதிரெதிராக இரண்டு பக்கமும் மாட்டி, இங்கே நாலு சுற்று அங்கே நாலு சுற்று என்று சமமாக இறுக்குகிறாரா? பேஷ். கயிறு, கட்டுக்கம்பி என்று ஏதாவது எடுத்து வந்து, “இருபது வருசமா இப்படித்தான் சார் பண்றேன்” என்றால், “அண்ணே, இன்னொரு நாள் பாத்துக்கலாம்” என்று சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கூலிதான் இதில் பெரிசு. ஆகவே பேரிங்கை மட்டும் மாற்றி, வெடித்த ரப்பர் மவுண்ட்டைத் திரும்ப மாட்டுவது அசட்டுச் சிக்கனம். பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே வயசு என்பதால் இடது மாற்றினால் வலதும். புதுப்பேட்டையில் பழசு கிடைக்குமே என்று யாராவது ஆரம்பிப்பார்கள். கதவு, கண்ணாடி வாங்குங்கள், பேரிங் வேண்டாம். ஜி.பி. ரோட்டில் புதுசு கேட்கும்போது மாடலோடு வருஷத்தையும் சொல்லுங்கள். சில கார்களில் மவுண்ட்டும் பேரிங்கும் ஒட்டிப் பிறந்த இரட்டையர்.

பேரிங்குக்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம் உண்டு. தலைகீழாகப் போட்டால் ஒரே மாசத்தில் பழைய கச்சேரி ஆரம்பம். கீழ் போல்ட்டுகளைக் கழற்றும் முன் இருந்த இடத்தைக் கோடு கிழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சக்கரத்தின் சாய்வு அதில்தான் இருக்கிறது. முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். இல்லாவிட்டால் புது டயர் ஓரமாகத் தேய்ந்து, அதற்கு ஒரு தனி பில் வரும்.

பில் கட்டும்போது பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். மணலைப் போட்டு அரைத்த மாதிரி நறநறவென்று இருக்கும். அப்புறம் காரை எடுத்து, ஆளில்லாத முனையில் ஒரு திருப்பு திருப்பி, பிடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஸ்டியரிங் தானாக, சத்தமில்லாமல் நேரே வர வேண்டும். வரவில்லையென்றால் அப்படியே யு டர்ன் அடியுங்கள், மெக்கானிக் இன்னும் டீ குடித்து முடித்திருக்க மாட்டார்.