இக்கரைப் பள்ளி, அக்கரைப் பரீட்சை

சோரியாங்குப்பம் என்றால் கடலூர்க்காரர்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். எல்லையோரம், பாட்டில் விலை மலிவு. அந்த வேலையாக வந்துபோகிறவர்களுக்குத்தான் எங்கள் ஊர் நன்றாகத் தெரியும். தை மாத ஆற்றுத் திருவிழாவுக்கு வருகிறவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், அவர்கள் நல்லவர்கள். புதுச்சேரியின் தென்கோடியில், பாகூர் கொம்யூனில், தென்பெண்ணைக் கரையில் இருக்கிறோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடலூர்.

நான் பாகூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மே, ஜூனில் கடையில் உட்கார இடம் இருக்காது. கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பம், உதவித்தொகை, டி.சி. நகல் என்று பெற்றோர்கள் வந்தபடி இருப்பார்கள். "அக்கா, எந்த போர்டுன்னு போடறது?" இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே கிடையாது. பிள்ளை எங்கே படித்தது என்று தெரியும். யார் நடத்திய பரீட்சையை எழுதியது என்பதில்தான் குழப்பம். இது அவர்கள் தப்பில்லை. புதுச்சேரியின் கதையே அப்படி.

வெள்ளைக்காரன் காலத்தில் கடலூர்ப் பிள்ளைக்கு ஏணி இப்படி இருந்தது: ஆரம்பப் பள்ளியில் ஐந்து வகுப்பு, அதற்குமேல் ஒன்றாவது ஃபாரம் முதல் ஆறாவது ஃபாரம் வரை. ஆறாவது ஃபாரம் முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. சென்னை மாகாணத்தில் 1911-இல் வந்த பரீட்சை அது. பிறகு இரண்டு வருடம் இன்டர்மீடியட், இன்னும் இரண்டு வருடம் பி.ஏ. பட்டம் கொடுப்பது 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி, எண்ணிக்கையே தலைகீழ். பிரெஞ்சு முறையில் மேல்பள்ளி 'ஆறாவதில்' தொடங்கும். வருடம் ஏற ஏற எண் குறைந்து ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று வந்து, கடைசி வகுப்பு தெர்மினால். நடுவில் பிரெவே பரீட்சை, முடிவில் பக்கலோரெயா. 'ஆறாவது படிக்கிறேன்' என்று இரண்டு கரைப் பையன்களும் சொன்னால், ஒருவன் பள்ளிக்கூடத்தை முடிக்கப் போகிறான், இன்னொருவன் அப்போதுதான் மேல்பள்ளிக்குள் நுழைந்திருக்கிறான். அந்த ஏணி இன்னும் போகவில்லை. 1826-இல் தொடங்கிய லிசே பிரான்சே புதுச்சேரி நகரத்தில் இன்றும் மழலையர் வகுப்பிலிருந்து தெர்மினால் வரை பிரான்ஸ் பாடத்திட்டத்தில் நடக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த 'சொல்தா' வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே படித்துவிட்டுப் பாரிஸ் போய்விடுகிறார்கள். ஆனால் பாகூர்ப் பக்க விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அது எட்டாத ஏணி. பிரெஞ்சு நிர்வாகத்தில் எனக்குப் பிடித்தது, 1930-லேயே பள்ளியில் மதிய உணவு கொடுத்ததுதான்.

1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் இணைந்தோம். பாரிஸ் போய் மதராஸ் வந்தது. புதுச்சேரி, காரைக்கால் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்துக்கு வந்தன. மாஹே கேரளத்தோடு, ஏனாம் ஆந்திரத்தோடு. ஒரே கல்வித்துறை, ஒரே சம்பளப் பட்டியல், ஆனால் மூன்று மாநிலத்துப் பாடப்புத்தகம்! தமிழ்நாட்டில் 1978-இல் பிளஸ் டூ வந்தபோது இங்கேயும் வந்தது. தேர்வு தேதி, வினாத்தாள், மதிப்பெண் பட்டியல் எல்லாம் சென்னையிலிருந்து.

கடலூருக்கு ஃபாரம் ஏணியைக் கொடுத்த பிரிட்டனிலும் எல்லாம் ஒரே சீராக இல்லை. இங்கிலாந்தில் மூன்று வயதில் நர்சரி, நான்கு முடிந்ததும் ரிசப்ஷன், பிறகு முதல் ஆண்டிலிருந்து பதினோராம் ஆண்டு வரை. பதினாறு வயதில் ஜி.சி.எஸ்.இ. எழுதி, மூன்று நான்கு பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் படித்து, பதினெட்டில் ஏ லெவல். அந்த இரண்டு வருடத்துக்கு இன்னும் சிக்ஸ்த் ஃபார்ம் என்றே பெயர். பட்டம் மூன்று வருடம். தேர்வு நடத்தும் வாரியங்கள் பல. எந்த வாரியத்தில் எழுதுவது என்று பள்ளிதான் முடிவு செய்யும். ஸ்காட்லாந்து இந்தக் கணக்கிலேயே வராது. அதற்கென்று சொந்தத் தேர்வு, பட்டத்துக்குப் பெரும்பாலும் நான்கு வருடம். அங்கே மக்கள்தொகை சுமார் 55 லட்சம். நாங்கள் 2011 கணக்குப்படி 12 லட்சத்துச் சொச்சம். இவ்வளவு சின்ன ஊருக்குத் தனி வாரியம் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், செலவு தாங்காது. ஆனால் பாடத்திட்டத்தை மாற்றுகிறபோதாவது பிள்ளையின் முகத்தைப் பார்த்து மாற்றலாம் இல்லையா?

2023-24-இல் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பது வரையும் பதினொன்றும் ஒரே வீச்சில் சி.பி.எஸ்.இ. ஆயின. அடுத்த வருடம் பத்தும் பன்னிரண்டும். ஒன்று முதல் ஐந்து வரை சில வருடம் முன்பே மாறிவிட்டது. 2025-இல் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பு சி.பி.எஸ்.இ. தேர்வு எழுதிய பிள்ளைகளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: தொடக்கப் பள்ளியில் டெல்லிப் பாடம், ஆறு முதல் எட்டு வரை தமிழ்நாட்டுச் சமச்சீர் பாடம், அதிலும் ஆறாம் வகுப்பு முழுக்கக் கொரோனா, ஒன்பதில் மறுபடி டெல்லி. பிளஸ் டூ பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தமிழ்நாட்டு வாரியத்தில் எழுதிவிட்டு, பதினொன்றில் புதுப் புத்தகத்தைத் திறந்தார்கள். நீட், கியூட் போன்ற தேர்வுகளுக்கு இந்தப் பாடம் கைகொடுக்கும் என்கிறார்கள். கொடுக்கலாம். அதற்காக முதல் செட் பிள்ளைகளைச் சோதனைக்கு விட்டதை நான் ஒப்பமாட்டேன்.

இப்போதைய ஏணிக்கு வருகிறேன். அங்கன்வாடி, எல்.கே.ஜி., யு.கே.ஜி., ஐந்து வரை தொடக்கப் பள்ளி, பிறகு நடுநிலை, உயர்நிலை, மேல்நிலை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மேல்நிலைக்குப் பாகூர் வருவார்கள். ஒரு ரூபாய் பஸ் ஓடிய காலத்தில் அதுவே பலருடைய படிப்பைக் காப்பாற்றியது. ஐந்தாம் வகுப்பில் ஒரு குறுக்கு வழி உண்டு: காலாப்பட்டில் உள்ள நவோதயா பள்ளி. ஆறாம் வகுப்பிலிருந்து தங்கிப் படிக்கலாம், முக்கால்வாசி இடம் கிராமப் பிள்ளைகளுக்கு. தமிழ்நாட்டில் நவோதயா கிடையாது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கும் கடலூர்ப் பிள்ளைக்கு இந்த வாய்ப்பு இல்லை.

பிளஸ் டூவுக்குப் பிறகு சென்டாக். கலை, அறிவியல், பொறியியல், மருத்துவம் எதுவானாலும் புதுச்சேரி அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஒரே வாசல் அதுதான். இங்கிலாந்தில் ஒரே விண்ணப்பத்தில் ஐந்து இடம் வரை குறித்து அனுப்புகிற யூகாஸ் முறைக்கு இது சின்னத் தம்பி. அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறியவர்களுக்கு எம்.பி.பி.எஸ்.ஸில் 2023 முதல் 10 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அக்கரையில் அது 7.5 சதவீதம். லாஸ்பேட்டை தாகூர் கலைக் கல்லூரி 1961-இல் வந்தது. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் 1985-இல். அதுவரை இங்கத்திய பட்டங்களும் சென்னைப் பல்கலைக்கழகத்து முத்திரையோடுதான் வந்தன.

இத்தனைக்கும் பாகூர் ஒரு காலத்தில் உயர்கல்விக்கே பெயர் போன ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கன் இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களின் வருமானத்தை எழுதி வைத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. அந்தக் கல்வி எல்லாச் சாதிக்குமானது இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெற்றோர்களுக்கு இரண்டு விஷயம். நவோதயா ஆறாம் வகுப்புச் சேர்க்கைத் தேர்வை ஒரு பிள்ளை ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். ஐந்தாம் வகுப்பு தொடங்கியதுமே விண்ணப்பத் தேதியைப் பள்ளியில் கேட்டு வையுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, டைப் அடித்த கூலி மட்டும் கொடுத்தால் போதும். ரெசிடென்ஸ், நேட்டிவிட்டி, சாதிச் சான்றிதழ்களை ரிசல்ட் வரும்வரை தள்ளிப் போடாமல், பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போதே தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுத்து வாங்கிவிடுங்கள்.