பழைய காருக்கு ஏற்ற டயர்

தந்தையார் ஓட்டிய அம்பாசிடரை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர விரும்பும் வாடிக்கையாளர்களே, வண்ணப்பூச்சுக்கு முன் டயரைக் கவனிக்குமாறு வேண்டுகிறோம்.

அதன் பழைய அளவு 5.90-15. டயரின் அகலம் 5.90 அங்குலம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். இன்றைய ரேடியல் டயரில் 175/80 ஆர் 15 என்றிருந்தால், அகலம் 175 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 80 விழுக்காடு, அதாவது 140. ரிம்மின் 381 மில்லிமீட்டருடன் இருபுறச் சுவர்களையும் கூட்டினால் மொத்த விட்டம் 661. பழைய டயரைவிட விட்டம் குறைந்தால், வேகமானி உண்மை வேகத்தினும் மிகுத்துக் காட்டும்.

ஒரே அச்சில் ரேடியலையும் பழைய வகையையும் கலத்தல் ஆகாது. வண்டி நிலை தடுமாறக்கூடும். பக்கச்சுவரிலுள்ள தயாரிப்புக் குறியீடு 2319 என முடிந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். தேயாத டயரும் மூப்படையும். பட்டையின் ஆழத்தை மட்டும் நம்பிக் குடும்பத்தை ஏற்றிச் செல்லலாகாது.