மே மாசம் மூணாவது செவ்வாய்: ஸ்கூல் போர்டும் பட்ஜெட் ஓட்டும்

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகச் சுருக்கித் தந்திருக்கிறோம்.)

நியூயார்க் மாநிலத்தில் இருக்கிற நேயர்கள் சில பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "மே மாசம் ஸ்கூல்ல வந்து ஓட்டு போடுங்கன்னு வீட்டுக்குக் கார்டு வருது. அது எதுக்கு?" லாங் ஐலண்டில் எங்க பள்ளி மாவட்டத்தின் போர்டுக்கு ஒருமுறை நான் போட்டியிட்டேன். அந்த அனுபவத்தை வச்சுக்கிட்டு இன்னைக்கு இதைப் பேசலாம்.

முதல்ல ஒரு விஷயம். நியூயார்க் நகரம், யாங்கர்ஸ், பஃபலோ, ராச்செஸ்டர், சிரக்யூஸ் ஆகிய 5 நகரங்களிலும் பள்ளி பட்ஜெட்டுக்கு மக்கள் ஓட்டு கிடையாது. குயின்ஸில் இருக்கிறவங்களுக்கு இந்தக் கார்டு வராது. மாநிலத்தின் மத்த பள்ளி மாவட்டங்களில் பெரும்பாலும், மே மாசம் மூணாவது செவ்வாய்க்கிழமை ஒரே சீட்டில் ரெண்டு கேள்வி இருக்கும். போர்டுக்கு யார்? அடுத்த வருஷ பட்ஜெட்டுக்குச் சம்மதமா, இல்லையா?

யார் ஓட்டு போடலாம், யார் நிக்கலாம்?

அமெரிக்கக் குடியுரிமை இருக்கணும், 18 வயசு ஆகியிருக்கணும், அந்த மாவட்டத்தில் குறைஞ்சது 30 நாள் குடியிருந்திருக்கணும். சொந்த வீடு தேவையில்லை. ஒரு காலத்தில் தேவையாத்தான் இருந்தது. சொத்து வச்சிருக்கிறவங்க, வீட்டை லீஸுக்கு எடுத்தவங்க, அந்த ஊர்ப் பள்ளியில் பிள்ளை படிக்கிறவங்க, இவங்களுக்குத்தான் ஓட்டுன்னு நியூயார்க் சட்டம் சொன்னது. லாங் ஐலண்டில் அப்பா அம்மா வீட்டில் தங்கியிருந்த, கல்யாணமாகாத ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனார். 1969-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை ரத்து பண்ணிச்சு. கிரேமர் வழக்குன்னு சொல்வாங்க. அதனால வாடகைக்கு இருக்கிறவங்களும் தாராளமா ஓட்டு போடலாம்.

போட்டியிடறதுக்கு அந்த மாவட்டத்தில் 1 வருஷம் தொடர்ந்து குடியிருக்கணும். அந்த மாவட்டத்தில் வேலை பார்க்கிறவங்க நிக்க முடியாது. ஒரே வீட்டிலிருந்து ரெண்டு பேர் போர்டில் இருக்க முடியாது. எங்களை மாதிரி மாவட்டங்களில், மனுவில் குறைஞ்சது 25 வாக்காளர்கள் கையெழுத்து வேணும். போன வருஷம் ஓட்டு போட்டவங்களில் 2 சதவீதம் அதைவிட அதிகம்னா, அத்தனை கையெழுத்து. தேர்தலுக்கு 30 நாள் முன்னாடி மனுவைக் கொடுத்துடணும். கட்சிச் சின்னம் இல்லை, சம்பளமும் இல்லை.

கிரீன் கார்டில், ஹெச்1பியில் இருக்கிறவங்க "நமக்கு இதில் வேலை இல்லை"ன்னு ஒதுங்கிடறாங்க. ஓட்டு கிடையாதுதான். ஆனா போர்டு கூட்டத்துக்கு வரலாம். பட்ஜெட் பத்தின பொது விசாரணை, ஓட்டுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் முன்னாடி நடக்கும். அங்கேயும் போய்க் கேள்வி கேட்கலாம்.

பட்ஜெட் கணக்கு

இது புரிஞ்சாத்தான் மத்ததெல்லாம் புரியும். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். மொத்த பட்ஜெட் 10 கோடி டாலர்னு வைங்க. மாநில உதவி, மத்த வரவு எல்லாம் சேர்ந்து 3 கோடி. மீதி 7 கோடி வீட்டு வரியிலிருந்து வரணும். இந்த 7 கோடியைத்தான் "லெவி"ன்னு சொல்றாங்க.

2011-ல் வந்த சட்டம் இந்த லெவிக்கு ஒரு வரம்பு வச்சது. 2 சதவீதம் அல்லது பணவீக்கம், எது குறைவோ அதுதான் அடிப்படை. அதுக்கு மேல சில கழிவுகள் இருக்கு. கட்டடச் செலவு, புதுசா வந்த கட்டடங்கள் இதெல்லாம் கணக்கில் வர்றதால, எல்லா மாவட்டத்துக்கும் ஒரே எண் வராது. இன்னொண்ணு, வரம்பு மொத்த லெவிக்குத்தான். உங்க வீட்டு பில்லுக்கு இல்லை.

நம்ம கணக்கில் 2 சதவீதம்னா 14 லட்சம். சம்பளம், மருத்துவக் காப்பீடு, பென்ஷன் எல்லாம் ஏறி செலவு 40 லட்சம் கூடுது, மாநில உதவி 10 லட்சம் கூடுதுன்னு வைங்க. பட்ஜெட் ஜெயிச்சாலும் 16 லட்சம் துண்டு விழும். இதை நிறைய பேர் கவனிக்கிறதில்லை. "ஆம்"னு ஓட்டு போட்டாலே எல்லாம் கிடைச்சிடும்னு அர்த்தமில்லை.

தோத்தா என்ன ஆகும்?

வரம்புக்குள்ள இருக்கிற பட்ஜெட்டுக்குப் பாதிக்கு மேல் ஓட்டு போதும். வரம்பைத் தாண்டினா 60 சதவீதம் வேணும். தோத்துட்டா, ஜூன் மாசம் மூணாவது செவ்வாய் மறுபடி ஓட்டுக்கு விடலாம். அதுலயும் தோத்தா "கன்டின்ஜென்சி" பட்ஜெட். போன வருஷ லெவிக்கு மேல ஒரு டாலர் கூட ஏத்தக் கூடாது. நம்ம கணக்கில் துண்டு 16 லட்சத்திலிருந்து 30 லட்சம் ஆயிடும்.

எதை வெட்டுவாங்க? கடன் தவணையை வெட்ட முடியாது. தொழிற்சங்க ஒப்பந்தத்தை மீற முடியாது. சிறப்புக் கல்வி கூட்டாட்சிச் சட்டப்படி கட்டாயம். அப்ப மிஞ்சறது இசை வகுப்பு, விளையாட்டு, சாயங்கால பஸ், வகுப்பில் பிள்ளைங்க எண்ணிக்கை. பெரும்பாலான பட்ஜெட்டுகள் முதல் தடவையே ஜெயிச்சிடுது, உண்மைதான். ஆனா ஓட்டு போட வர்றவங்க கம்மிங்கறதால, நெருக்கமான வருஷத்தில் ரெண்டு தெரு ஜனங்க வந்தாலே முடிவு மாறலாம்.

ஆதரவு கேட்கறது எப்படி?

பள்ளி மாவட்டம் தன் பணத்தில் "ஆம்னு ஓட்டு போடுங்க"ன்னு நோட்டீஸ் அடிக்கக் கூடாது. 1986-லயே மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் இதைச் சொல்லிடுச்சு. தகவல் மட்டும் கொடுக்கலாம். ஆக, ஆதரவு கேட்கறது பெற்றோர், வேட்பாளர், அக்கம்பக்கத்துக்காரங்க வேலை. சொந்த நேரம், சொந்தக் காசு.

நான் வீடு வீடா போனப்ப ஒரு பெரியவர் கேட்டார்: "என் பிள்ளைங்க படிச்சு முடிச்சு எப்பவோ போயாச்சு. எனக்கு வர்றது சோஷியல் செக்யூரிட்டி மட்டும். நான் ஏன் கூடக் கட்டணும்?" 8,000 டாலர் பள்ளி வரிக்கு 2 சதவீதம்னா 160 டாலர். "வெறும் 160தானே"ன்னு அவர்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை. 65 வயசுக்கு மேல, வருமான வரம்புக்குள்ள இருக்கிறவங்களுக்குக் கூடுதல் ஸ்டார் சலுகை இருக்குன்னு சொன்னேன். "அது ஏற்கெனவே வாங்கறேன்"னார். அப்புறம் அந்த 30 லட்சம் கணக்கு மாதிரியே எங்க மாவட்டக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். எந்த வகுப்பு போகும், எது போகாதுன்னு பேசினோம். "யோசிக்கிறேன்"னு சொல்லி அந்தத் தாளை வாங்கி வச்சுக்கிட்டார்.

நம்ம ஊர் அம்மா ஒருத்தங்க, "உனக்கெதுக்கு தம்பி இந்தத் தலைவலி? ரெண்டு பக்கமும் பொல்லாப்பு"ன்னாங்க. பொல்லாப்பு இருந்தது உண்மை. "பட்ஜெட்டை ஆதரிக்கிறீங்களா?"ன்னு வேட்பாளர் கூட்டத்தில் கேட்டப்ப, "ஆதரிக்கிறேன், வரி ஏறும்"னு சொன்னேன். அந்த வருஷம் பட்ஜெட் ஜெயிச்சது, நான் ஜெயிக்கலை. அந்தப் பதிலை இப்பக் கேட்டாலும் அப்படியேதான் சொல்வேன். வரி ஏறாதுன்னு சொல்லி ஜெயிச்சு வர்றவர், அடுத்த மார்ச்ல எந்த ஆசிரியரை நிறுத்தலாம்னு கணக்கு போடற மேசையில் உட்காரணும்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது

உங்க மாவட்ட இணையதளத்தில் மூணு எண்ணைத் தேடுங்க: மொத்த பட்ஜெட், லெவி ஏற்றம், வரம்பு எவ்வளவு. "ப்ராப்பர்ட்டி டாக்ஸ் ரிப்போர்ட் கார்டு"ன்னு ஒரு பக்கத்தில் இதெல்லாம் இருக்கும். வாக்காளர் பதிவைச் சரிபாருங்க. செவ்வாய்க்கிழமை ஊரில் இல்லைன்னா தபால் ஓட்டுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கணும். போர்டுக்கு நிக்கலாம்னு யோசிக்கிறவங்க மார்ச்சிலேயே மாவட்ட கிளார்க்கிட்ட மனுப் படிவம் கேளுங்க.

உங்க மாவட்டக் கணக்கில் புரியாத இடம் இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அதையே எடுத்துப் பேசலாம்.